அரசுக் கடன் பற்றிய செய்திகள்: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் வந்த மறுநாள் எல்லாச் செய்திகளிலும் ஒரு கடன் எண் இருக்கும். பெரும்பாலும் அது கற்பனை எண் அல்ல, ஏதோ ஓர் அரசு ஆவணத்தில் இருப்பதுதான். யாருடைய கடன், எந்தத் தேதிக்கு, எதைச் சேர்த்து எதைக் கழித்து என்ற விவரங்கள்தான் தலைப்புக்குள் வரும்போது உதிர்ந்துவிடுகின்றன. அவற்றை மீண்டும் ஒட்டவைத்துப் படிக்க இந்தப் பக்கம் உதவும். உதாரணங்கள் பெரும்பாலும் இந்தியா, தமிழ்நாடு சார்ந்தவை, ஒன்று இலங்கையிலிருந்து.

‘இந்தியாவின் கடன்’ என்று மூன்று இடத்தில் மூன்று எண்களைப் பார்க்கிறேன். எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். மூன்று வேறு பொருள்களுக்கு ஒரே பெயரைச் சூட்டியிருப்பார்கள்.

முதலாவது, மத்திய அரசின் கடன். 2024-25 நிதியாண்டின் முடிவில் இது 185.27 லட்சம் கோடி ரூபாயாக, அதாவது ஜிடிபியில் (நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 56.8 சதவீதமாக இருக்கும் என்று நாடாளுமன்றத்தில் நிதி அமைச்சகம் மதிப்பீடு சொன்னது. இரண்டாவது, மத்திய அரசும் எல்லா மாநிலங்களும் சேர்ந்த கடன். ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) போன்ற அமைப்புகள் நாடுகளை ஒப்பிடும்போது எடுப்பது இதைத்தான். 2022-23-இல் இது ஜிடிபியில் சுமார் 81 சதவீதம். மூன்றாவது, நாட்டின் வெளிநாட்டுக் கடன். 2025 மார்ச் இறுதியில் 736.3 பில்லியன் டாலர், ஜிடிபியில் 19.1 சதவீதம்.

ஆக, 19, 57, 81 மூன்றுமே ‘இந்தியாவின் கடன் விகிதம்’ என்று அச்சில் வந்துவிட முடியும். இரண்டாவதைக் கணக்கிடும்போது மத்திய எண்ணையும் மாநில எண்களையும் அப்படியே கூட்டக் கூடாது. மாநிலங்கள் மத்திய அரசிடம் வாங்கிய கடனைக் கழிக்க வேண்டும்; மாநிலங்கள் தங்கள் உபரிப் பணத்தை மத்திய அரசின் கருவூல உண்டியல்களில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில்) போட்டுவைத்திருப்பதையும் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பணம் இரண்டு முறை எண்ணப்படும்.

வெளிநாட்டுக் கடன் 736 பில்லியன் டாலர் என்றால், அவ்வளவும் அரசு வாங்கியதா?

இல்லை. அதில் மத்திய, மாநில அரசுகளின் பங்கு 168.4 பில்லியன் டாலர், அதாவது 22.9 சதவீதம்தான். மீதி தனியார் நிறுவனங்கள், வங்கிகள், இறக்குமதியாளர்கள் வாங்கியது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர் ஊரில் உள்ள வங்கியில் என்ஆர்ஐ வைப்புக் கணக்கில் போடும் பணமும் இதில் சேரும். வங்கி அந்தப் பணத்தை வெளிநாட்டில் வசிப்பவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதால் கணக்கியல்படி அது வெளிநாட்டுக் கடன்.

‘உலக வங்கியிடம் அரசு 736 பில்லியன் டாலர் கடன்பட்டிருக்கிறது’ என்ற வாட்ஸ்அப் வரி இங்கிருந்துதான் பிறக்கிறது. உண்மையில் மத்திய அரசின் கடனில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டில், ரூபாயில் வாங்கியது. 2023 மார்ச் இறுதிக்கு மதிப்பிடப்பட்ட 155.8 லட்சம் கோடி ரூபாயில் வெளிநாட்டுக் கடன் 7.03 லட்சம் கோடிதான், 4.5 சதவீதம்.

இன்னொரு நுணுக்கம்: யாரும் புதிதாகக் கடன் வாங்காமலே இந்த டாலர் எண் ஏறி இறங்கும். 2024-25-இல் அது 67.5 பில்லியன் கூடியது. ரூபாய்க்கும் மற்ற நாணயங்களுக்கும் எதிராக டாலர் வலுப்பெற்றதால், ரூபாயிலும் யென்னிலும் இருந்த கடன்களின் டாலர் மதிப்பு சுருங்கியது. அந்த விளைவை நீக்கிவிட்டால் உயர்வு 72.9 பில்லியன் என்று ரிசர்வ் வங்கியே தன் வெளிநாட்டுக் கடன் அறிக்கையில் சொல்கிறது. தலைப்பில் முதல் எண்தான் வந்தது.

‘கடன் 205 லட்சம் கோடியைத் தொட்டது’ என்ற செய்தி உண்மையா?

2023 டிசம்பரில் பல ஊடகங்கள் வெளியிட்ட செய்தி அது. கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய ஒன்று, ஏனென்றால் பிழை செய்திக்குள்ளேயே தெரியும்படி இருந்தது.

செய்தி சொன்னது: செப்டம்பர் காலாண்டில் மொத்தக் கடன் 2.47 டிரில்லியன் டாலர், அதாவது 205 லட்சம் கோடி ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 161.1 லட்சம் கோடி, 46.04 சதவீதம். மாநிலங்கள் 50.18 லட்சம் கோடி. நிறுவனப் பத்திரங்கள் 44.16 லட்சம் கோடி.

ஒரு கால்குலேட்டர் போதும். 161.1 + 50.18 = 211.28. இரண்டு பகுதிகளைக் கூட்டினாலே மொத்தத்தைத் தாண்டிவிட்டது. அடுத்து, 205-இல் 161.1 என்பது 78 சதவீதத்துக்கு மேல், 46 அல்ல. 205-இல் 46.04 சதவீதம் என்றால் சுமார் 94 லட்சம் கோடிதான் வரும். மத்திய அரசின் பங்கு டாலரில் 1.34 டிரில்லியன் என்றும் அதே செய்தி சொன்னது. டாலருக்கு 83 ரூபாய் என்று பெருக்கினால் 111 லட்சம் கோடி. ஆக, மத்திய அரசின் பங்கு என்று ஒரே செய்தியில் மூன்று வெவ்வேறு தொகைகள். வேறு வேறு வரையறைகளில் இருந்த எண்கள் ஒரே பத்தியில் கலந்துவிட்டன.

அதைவிட முக்கியம், நிறுவனப் பத்திரங்களும் அந்த மொத்தத்தில் இருந்தன. அதாவது அது நிலுவையில் உள்ள பத்திரங்களின் மொத்தம். அரசுக் கடன் அல்ல. ஆனால் பரவியதெல்லாம் ‘நாட்டின் கடன் 205 லட்சம் கோடி’ என்ற ஒற்றை வரிதான்.

செய்தியில் பகுதிகளும் மொத்தமும் இரண்டும் இருந்தால் முதலில் கூட்டிப் பாருங்கள். வேறெந்தச் சோதனையையும்விட இது விரைவாகப் பிழையைக் காட்டும்.

டிரில்லியன், பில்லியன், லட்சம் கோடி: மாற்றும்போது எங்கே தவறுகிறார்கள்?

1 மில்லியன் = 10 லட்சம். 1 பில்லியன் = 100 கோடி. 1 டிரில்லியன் = 1 லட்சம் கோடி. இது எண்ணிக்கை மாற்றம் மட்டும். டாலர் என்றால் அதன்பின் மாற்று விகிதத்தால் பெருக்க வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டு ‘1 டிரில்லியன் டாலர், அதாவது 1 லட்சம் கோடி’ என்று எழுதுவது வழக்கமான தவறு. எண்பது மடங்குக்கு மேல் பிசகும்.

பில்லியனை ‘10 கோடி’ என்றோ ‘1,000 கோடி’ என்றோ மொழிபெயர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, ‘லட்சம்’ என்ற சொல்லே விழுந்துவிடுவது: 9.29 லட்சம் கோடி, 9.29 கோடியாகிவிடும். சிரிப்பாக இருக்கும், ஆனால் தொலைக்காட்சியின் கீழே ஓடும் வரியில் இது நடக்கிறது.

தமிழ்நாட்டின் கடன் 9.3 லட்சம் கோடியா, 1.62 லட்சம் கோடியா?

முன்னது நிலுவை. பின்னது ஒரு ஆண்டில் வாங்கத் திட்டமிட்டது. 2025-26 பட்ஜெட் உரையில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன: அந்த ஆண்டில் 1,62,096.76 கோடி ரூபாய் கடன் வாங்கப்படும், 55,844.53 கோடி ரூபாய் திருப்பிச் செலுத்தப்படும், இதனால் 31.3.2026 அன்று நிலுவைக் கடன் 9,29,959.30 கோடி ரூபாயாக, மாநில மொத்த உற்பத்தியில் 26.07 சதவீதமாக இருக்கும்.

‘ஒரே ஆண்டில் 1.62 லட்சம் கோடி கடன் கூடுகிறது’ என்று எழுதினால் தவறு. கூடுவது நிகரத் தொகை: 1,62,096.76-இலிருந்து 55,844.53 போக, 1,06,252.23 கோடி. பழைய கடனை அடைக்க வாங்கும் புதிய கடன் நிலுவையைக் கூட்டாது.

மத்திய அரசிலும் இதே குழப்பம்தான். 2025-26-இல் சந்தையில் வாங்கத் திட்டமிட்ட மொத்தக் கடன் 14.82 லட்சம் கோடி, நிகரம் 11.54 லட்சம் கோடி. நிதிப் பற்றாக்குறையோ, அதாவது செலவுக்கும் கடன் அல்லாத வரவுக்கும் உள்ள இடைவெளியோ, 15.69 லட்சம் கோடி. நிகரச் சந்தைக் கடனைவிடப் பற்றாக்குறை பெரியதாக இருப்பது பிழை அல்ல. மீதியைச் சிறுசேமிப்பு நிதி போன்ற வேறு வழிகளில் நிரப்புகிறார்கள்.

அந்த 9.29 லட்சம் கோடி இப்போது உள்ள கடன்தானே?

பட்ஜெட் படிக்கப்பட்டது 2025 மார்ச்சில். எண் 31.3.2026-க்கு உரியது. ஓராண்டு கழித்து இருக்கப்போவதாகச் சொன்னதை ‘இருக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கடன் செய்திகளில் நாங்கள் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இந்த வினைச்சொல் பிழைதான்.

எந்தக் கடன் எண்ணும் மூன்று பிறவி எடுக்கும். முதலில் பட்ஜெட் மதிப்பீடு, ஓராண்டு கழித்துத் திருத்திய மதிப்பீடு, அதற்கும் பின்னால் தணிக்கைக்கு உட்பட்ட இறுதிக் கணக்கு. 31.3.2025-க்கான நிலுவை 8,33,361.80 கோடியாக இருக்கும் என்று 2024-25 பட்ஜெட் சொன்னது. அடுத்த ஆண்டின் எண்ணிலிருந்து நிகரக் கடனைக் கழித்துப் பின்னோக்கிப் போனால் சுமார் 8.24 லட்சம் கோடி வருகிறது. கிட்டத்தட்ட பத்தாயிரம் கோடி வித்தியாசம், அதுவும் கீழ்நோக்கி. ஒருவர் பழைய உரையிலிருந்தும் இன்னொருவர் புதிய உரையிலிருந்தும் எண்ணை எடுத்தால், ஒரே தேதிக்கு இரண்டு கடன்களை வைத்துக்கொண்டு இருவரும் சண்டை போடலாம். போடவும் செய்கிறார்கள்.

ரிசர்வ் வங்கியும் திருத்தும். 2024 மார்ச் இறுதிக்கான வெளிநாட்டுக் கடன் முதலில் 663.8 பில்லியன் டாலர் என்று வந்தது. அடுத்த ஆண்டு ஒப்பீட்டில் அது 668.8 ஆகியிருந்தது.

‘ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2.63 லட்சம் ரூபாய் கடன்’ என்பது எப்படி வந்தது?

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையிலிருந்து. அதில் 2,63,976 ரூபாய் என்று இருக்கிறது. கணக்கு எளிது: 5,70,189.29 கோடியை 2.16 கோடிக் குடும்பங்களால் வகுத்தால் அந்தத் தொகை வரும்.

வகுத்தல் சரி. ஆனால் 5.70 லட்சம் கோடி என்பது அதே ஆண்டு பிப்ரவரியில் முந்தைய அரசு தாக்கல் செய்த இடைக்கால பட்ஜெட்டில் 31.3.2022-க்கு எதிர்பார்க்கப்பட்ட எண். 31.3.2021-க்கு அதே ஆவணம் சொன்னது 4,85,502.54 கோடி. அதை வகுத்தால் சுமார் 2.25 லட்சம் ரூபாய். எந்தத் தேதியை எடுப்பது என்பதிலேயே குடும்பத்துக்கு 39,000 ரூபாய் நகர்ந்துவிடுகிறது.

அது போக, இந்த வகை எண்ணால் பெரிய பயனில்லை என்பது எங்கள் கருத்து. எந்தக் குடும்பத்துக்கும் அந்தத் தொகைக்குப் பில் வரப்போவதில்லை. அரசு அதை வரி வருவாயிலிருந்து பல பத்தாண்டுகளில் அடைக்கும், அல்லது புதிய கடன் வாங்கி மாற்றிக்கொள்ளும். பயமுறுத்தவோ திட்டவோ வசதியான எண். எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தாலும் இதைக் கையில் எடுக்கும்.

மின்வாரியக் கடனையும் சேர்க்க வேண்டாமா?

கேள்வி நியாயமானது. அரசு நிறுவனங்கள் தங்கள் பெயரில் வாங்கும் கடன் மாநில பட்ஜெட்டின் நிலுவையில் வராது. அதற்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தால் அது தனிப் பட்டியலில் இருக்கும். இரண்டையும் கூட்டி ‘உண்மையான கடன்’ என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லலாம், ஆனால் கூட்டியதைச் சொல்லிவிட்டுத்தான். கூட்டாத பழைய ஆண்டு எண்ணோடு ஒப்பிடவும் கூடாது.

கடன் ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழப்பம் உச்சத்துக்குப் போகும். மின் பகிர்மான நிறுவனங்களின் கடனை மாநிலங்கள் ஏற்பதற்கான மத்திய அரசின் உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் தமிழ்நாடு சேர்ந்தபோது, மின் பகிர்மானக் கழகத்தின் 30,420 கோடி ரூபாய்க் கடனில் முக்கால் பங்கை, அதாவது 22,815 கோடியை, மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. மாநிலக் கடன் அந்த அளவுக்கு ஏறியது. வாரியத்தின் கடன் அதே அளவுக்கு இறங்கியது. மொத்தத்தில் ஒரு ரூபாயும் புதிதாக வாங்கப்படவில்லை. அந்த ஆண்டின் உயர்வை முந்தைய ஆண்டோடு நேராக ஒப்பிடும் வரைபடத்தைப் பார்த்தால் கீழே அடிக்குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, 63,246 கோடி ரூபாய்த் திட்டத்தில் 33,593 கோடி ரூபாய்க் கடன் மத்திய அரசின் கடனாகக் கருதப்படும் என்று ஆனது. அதுவரை அது மாநிலத்தின் கடன் வரம்பில் எண்ணப்பட்டது. தூணும் சுரங்கமும் அதே இடத்தில்தான். கடன் மட்டும் சென்னையிலிருந்து டெல்லிக்கு மாறியது.

ரிசர்வ் வங்கி சொல்லும் மாநிலக் கடன் ஏன் பட்ஜெட் எண்ணைவிட அதிகம்?

ரிசர்வ் வங்கி தன் மாநில நிதி ஆய்வில் ‘நிலுவைப் பொறுப்புகள்’ என்று பார்க்கிறது. ஊழியர்களின் சேமநிதி, அரசிடம் கிடக்கும் வைப்புத்தொகைகள், ஒதுக்கு நிதிகள் போன்ற பொதுக் கணக்கு இனங்கள் அதில் சேரும். இரண்டும் சரியானவை. கலந்துவிட மட்டும் கூடாது.

இந்தியாவின் கடன் ஜிடிபியில் 100 சதவீதத்தைத் தாண்டும் என்று ஐஎம்எஃப் எச்சரித்ததா?

2023 டிசம்பரில் வெளியான அறிக்கையில் 100 சதவீதம் என்ற எண் இருந்தது உண்மை. அது அடிப்படைக் கணிப்பு அல்ல. பாதகமான அதிர்ச்சிகள் வந்தால் 2027-28-க்குள் அந்த அளவை எட்டலாம் என்ற மோசமான சூழலுக்கான கணக்கு. சாதகமான சூழலில் அதே காலத்துக்குள் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கலாம் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. நிதி அமைச்சகம் மறுப்புக் குறிப்பு வெளியிட்டு இதைச் சுட்டிக்காட்டியது. அமைச்சகத்தின் குறிப்பிலும் அதற்கு வசதியான விஷயங்களே முன்னால் நின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குத்தான் முழுப் படம் கிடைத்தது.

‘தாண்டும்’, ‘தாண்டலாம்’, ‘இன்னது நடந்தால் தாண்டலாம்’: ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது மூன்றாவது முதலாவதாகிவிடுகிறது.

55 லட்சம் கோடி 155 லட்சம் கோடியானது என்பதும் சரி, விகிதம் கட்டுக்குள் இருக்கிறது என்பதும் சரியென்றால், எதைப் பார்ப்பது?

2014-இலிருந்து ஒன்பது ஆண்டில் மத்திய அரசின் கடன் 55-இலிருந்து 155 லட்சம் கோடியாக ஏறியது என்பது 2023-இல் காங்கிரஸ் வைத்த வாதம். அரசு பதிலுக்கு ஜிடிபி விகிதத்தைக் காட்டியது. ரூபாய் எண் மட்டும் என்றால் விலைவாசியும் பொருளாதாரமும் வளர்வதால் அது எப்போதும் ‘வரலாறு காணாத உச்சம்’தான். விகிதம் மட்டும் என்றால், பணவீக்கத்தால் ஜிடிபி பெருத்தாலே அது இறங்கிவிடும்.

வட்டியை வருவாயோடு ஒப்பிடுவது எங்களுக்குப் பிடித்த அளவுகோல். ஆனால் அதிலும் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். 2025-26 பட்ஜெட்டில் வட்டிச் செலவு 12.76 லட்சம் கோடி. ‘ஒரு ரூபாயில் 20 பைசா வட்டிக்கு’ என்று எல்லாப் பத்திரிகையும் வட்டப்படம் போட்டது. அந்த ‘ஒரு ரூபாய்’க்குள் மாநிலங்களுக்குப் போகும் வரிப் பங்கு 14.22 லட்சம் கோடியும் அடக்கம். மத்திய அரசின் செலவான 50.65 லட்சம் கோடியால் மட்டும் வகுத்தால் 25 பைசா. கடன் வாங்கிய பணத்தை விட்டுவிட்டு, வருவாய் வரவான 34.20 லட்சம் கோடியால் வகுத்தால் 37 பைசா. வட்டி ஒன்றுதான்; 20, 25, 37 மூன்றும் சரி. சுமையைக் காட்டுவது கடைசி எண்.

இலங்கையின் கடனில் சீனாவின் பங்கு 10 சதவீதமா, 20 சதவீதமா?

இலங்கை வெளிவள திணைக்களத்தின் பட்டியலில் சீனாவுக்கு நேரே சுமார் 10 சதவீதம் என்று இருந்ததால் உலகம் முழுக்க அந்த எண் பரவியது. அந்தப் பட்டியல், துறைமுக அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்களின் பெயரில் இருந்த கடன்களைச் சேர்க்கவில்லை. சீன அபிவிருத்தி வங்கியின் கடன்கள் சீனாவின் வரிசையில் வராமல் சந்தைக் கடன்களோடு எண்ணப்பட்டன. எல்லாவற்றையும் திரட்டிய ஆய்வொன்றை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சீன-ஆப்பிரிக்க ஆய்வுப் பிரிவு 2022 நவம்பரில் வெளியிட்டது. அதன்படி 2021 இறுதியில் சீனக் கடன் 7.4 பில்லியன் டாலர். அரசின் வெளிநாட்டுக் கடனில் 19.6 சதவீதம். ஒரு நாட்டின் அதிகாரபூர்வப் பட்டியலே குறைவாகக் காட்டக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஐந்து நிமிடத்தில் ஒரு செய்தியைச் சரிபார்க்க வழி?

1. ‘கடன்’ என்ற சொல்லுக்கு முன்னால் யார் என்று எழுதுங்கள்: மத்திய அரசு, மாநிலம், இரண்டும் சேர்ந்து, அல்லது தனியாரும் உட்பட நாடு முழுக்க.

2. தேதியைத் தேடுங்கள். மார்ச் 31 என்று இருந்தால் அது கடந்துபோன மார்ச்சா, வரப்போகும் மார்ச்சா என்று பாருங்கள்.

3. நிலுவையா, ஓராண்டுக் கடனா. ஓராண்டு என்றால் மொத்தமா நிகரமா.

4. பகுதிகளைக் கூட்டுங்கள், சதவீதத்தைத் திருப்பிப் போடுங்கள், டாலரை ரூபாயாக்குங்கள். 205 லட்சம் கோடிச் செய்தி இந்தப் படியிலேயே விழுந்திருக்கும்.

5. மூல ஆவணத்தைத் திறங்கள். மத்திய அரசுக்கு, பட்ஜெட்டின் வரவுகள் தொகுதியில் உள்ள கடன் நிலை அறிக்கை. அதில் வெளிநாட்டுக் கடன் வாங்கிய காலத்து மதிப்பிலும் நடப்பு மாற்று விகிதத்திலும் வேறுபடும். எது என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கு, பட்ஜெட் உரையின் கடைசிப் பகுதி. வெளிநாட்டுக் கடனுக்கு, மார்ச், ஜூன் காலாண்டுகளை ரிசர்வ் வங்கியும், செப்டம்பர், டிசம்பர் காலாண்டுகளை நிதி அமைச்சகமும் சுமார் மூன்று மாதம் கழித்து வெளியிடும்.

நடுவில் வேறு மாதத்தில் ‘இந்தியாவின் வெளிநாட்டுக் கடன் இன்று’ என்று ஓர் எண் வந்தால், அது பழைய காலாண்டின் எண்ணாகத்தான் இருக்கும்.